நம் வளவு, நம் கிணறு – தண்ணீர் யாருடையது?



இவ்வாண்டு உற்சவத்தை முன்னிட்டு வெளிவரும் நமது ஆலய மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமை போல ஆலயத் திருப்பணி வரலாற்றையே எழுதலாம் என்று முதலில் எண்ணினேன். கணக்குப் புத்தகங்களும் கூட்டக் குறிப்புகளும் என் கைவசம் இருப்பதால் அது எனக்கு இலகுவான வேலை. ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி உண்டு. அதை அம்பாளின் சந்நிதியில், உங்கள் முன்னிலையில் வைப்பதே பொருத்தம் என்று பட்டது.

கேள்வி இதுதான். ஒருவர் தமது சொந்தக் காணியில், தமது சொந்தப் பணத்தில், தமது குடும்பத்தின் சந்தோஷத்துக்காக ஒரு தோட்டம் வைக்கிறார். ஆடு, கோழி வளர்க்கிறார். களவில்லை, பொய்யில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. அது அவருடைய சொந்த விடயம் மட்டும்தானா? அதில் பாவ புண்ணியக் கணக்கு ஏதும் உண்டா?

"இதில் என்ன கேள்வி?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தொடங்கிய விதம்

அடியேன் எழுதுவினைஞராகக் கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் கடமையாற்றி 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். கோவைகளோடும் சுற்றறிக்கைகளோடும் காலம் கழித்தவனுக்கு, ஓய்வுக்குப் பின்னர் பொழுது போவது பெரும்பாடு. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் எங்களோடு வந்து தங்கினார்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவே மணல் நாக்குப் போல நீண்டு கிடக்கும் நமது உச்சமுனையில் எங்கள் வளவு அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தென்னைகள் சில, முருங்கை இரண்டு, ஒரு கிணறு. மற்றெல்லாம் மணல். "இந்த மணலில் என்னதான் முளைக்கும், பார்ப்போமே" என்று ஒரு விளையாட்டாகவே தொடங்கினோம்.

உண்மையில் அது வெறும் விளையாட்டும் அல்ல. என் மனதின் அடியில் ஒரு பழைய பயம் இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது நான் கற்பிட்டியில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் எழுந்து பாண் வரிசையில் நின்றதும், அரிசிச் சோற்றைக் காணாமல் மரவள்ளிக் கிழங்கோடு நாள்கள் கழிந்ததும் நினைவிருக்கிறது. வளவில் நாலு மரவள்ளித் தடி நட்டிருந்த வீட்டுக்கும் நடாத வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டை அந்த வயதிலேயே கண்டவன் நான்.

மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியது. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாத காலத்துக்கு விடுமுறை வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. என் சேவைக் காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளுக்குக் கோவை இலக்கம் இட்டிருக்கிறேன். மண்வெட்டி பிடிப்பதற்கு விடுமுறை கொடுத்த அறிவித்தலை ஓய்வு பெற்ற பின்னரே கண்டேன். அப்போது எங்கள் வளவில் கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய், பசளிக்கீரை எல்லாம் நின்றன. ஊரார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். எனக்குச் சற்றுத் தலைக்கனமும் ஏறிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மணலைத் தோட்டமாக்கியது

இதே முயற்சியில் இறங்க விரும்பும் அடியவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. போடும் பசளையும் நிற்காது. ஆகையால் முதலில் குழி வெட்டி, அடியில் பொச்சு மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கத்தக்கதாக அடுக்கினோம். அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் காய்ந்த ஓலை, சருகு, ஆட்டெரு. கரையில் ஒதுங்கும் கடற்சாதாளையை ஒரு மாரி முழுவதும் மழையில் நனையவிட்டு உப்பைக் கழுவிய பின்னர் சேர்த்தோம். சோளகக் காற்றுக்குக் கிடுகு வேலி கட்டினோம். உயிர்வேலியாகச் சீமைக்கிளுவைத் தடிகளை ஊன்றினோம். அதன் இலை ஆட்டுக்கும் தீன், மண்ணுக்கும் பசளை.

முதல் இரண்டு ஆண்டுகள் துலாவாலும் வாளியாலுமே இறைத்தோம். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது வாளிக்கு மேல் கை ஓயும். கை ஓய்ந்தால் நிறுத்துவோம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

முதலாவது பாடம்: ஆட்டுக்குட்டி

பேத்தியின் ஆசைக்காக இரண்டு ஆடுகள் வாங்கினோம். ஒன்று குட்டி ஈன்றது. 2022 ஆவணியில் முன்னேஸ்வரத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் சென்றோம். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை ஏற்படுத்தியிருந்தேன். அவன் கற்பிட்டிக்குப் போனவன், கடல் பெருத்ததால் திரும்பி வர முடியவில்லை. வேறொருவரையும் நான் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஆடுகள் கட்டிய கட்டிலேயே வெயிலில் நின்றன. நாங்கள் வந்து பார்த்தபோது குட்டி இறந்து கிடந்தது.

பேத்தி என்னைக் கோபிக்கவில்லை. "அப்பப்பா, நாங்கள் போறம் எண்டு ஆட்டுக்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பொழுதுபோக்கு என்பது எங்களுக்குத்தான். எங்களுக்குப் பொழுது போகாதபோது அதைத் தொடலாம், வேறு வேலை வந்தால் விடலாம். ஆனால் கட்டப்பட்ட ஆட்டுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. அதன் முழு வாழ்வும் அந்தக் கயிற்றின் நீளத்துக்குள் இருந்தது. காட்டில் திரியும் விலங்கு தண்ணீரைத் தேடிப் போகும். நாம் கட்டி வைத்த உயிரின் தாகம் நம் கணக்கில் ஏறிவிடுகிறது. இறைவனைத் தரிசிக்கப் போனோம் என்ற காரணத்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடாது.

இரண்டாவது பாடம்: ஆச்சியின் கிணறு

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் காரணம்.

தோட்டம் பெருகியது. நான்கு பாத்தி பன்னிரண்டாயிற்று. கையால் இறைத்து மாளவில்லை. 2023இல் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் மிசின் ஒன்றை வாங்கினேன். அது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் இறைக்கவல்லது. வாளி பிடித்த கை ஓய்ந்தது; வேலையும் சுருங்கியது. அவ்வாண்டு நாட்டின் பல மாவட்டங்களில் வரட்சி. ஆடி, ஆவணி மாதங்களில் காலையிலும் மாலையிலும் மிசினை ஓடவிட்டேன். அயலெல்லாம் காய்ந்து கிடக்க எங்கள் வளவு மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எங்கள் வேலிக்கு அப்பால், ஐம்பது அடி தூரத்தில், தனியே வாழும் ஓர் ஆச்சியின் கிணறு உண்டு. ஒருநாள் அவர் குடத்தோடு எங்கள் படலையில் வந்து நின்றார்.

"தம்பி, என்ர கிணத்துத் தண்ணி கரிக்குது. உங்கட கிணத்தில ஒரு குடம் அள்ளட்டே?"

"இதென்ன ஆச்சி கேள்வி? எத்தனை குடமெண்டாலும் அள்ளுங்கோ" என்றேன். நல்ல மனிதன் என்ற எண்ணத்தோடு உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். தர்மம் செய்துவிட்ட நிறைவு எனக்கு. ஒரு மாதத்துக்குள் எங்கள் கிணறும் இலேசாகக் கரிக்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

நம் ஊர் நிலத்தடி நீரின் இயல்பை நாம் எல்லோரும் அறிந்துகொள்வது அவசியம். நமது மணலுக்குக் கீழே ஆறும் இல்லை, குளத்து ஊற்றும் இல்லை. மாரியில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீர் பாரம் கூடியது என்பதே காரணம். ஒல்லாந்தரான பேடன் கைபன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவர் 1901இலும் இதனை ஆராய்ந்து ஒரு கணக்கைச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அது. கேட்க நல்ல செய்திதான். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி நீர் குறைந்து அப்படியே நின்றால், கீழே உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும். நம்மைப் போல ஒடுங்கிய மணல் நிலத்தில் அந்த நன்னீர்ப் படை இன்னும் மெல்லியது. ஒரே இடத்தில் விரைவாக இறைத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் புற்றுப் போல எழும்பும். எழும்பிய உப்பு இறங்குவதற்கு மாரி மழை வேண்டும். சில வேளைகளில் ஒரு மாரி போதாது.

துலாவால் இறைத்த காலத்தில் கை ஓய்ந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கை ஓய்வுதான் கிணற்றுக்குக் காவலாக இருந்திருக்கிறது. மிசினுக்குக் கை ஓய்வதில்லை. நான் வாங்கியபோது இதை யோசிக்கவில்லை.

நமது ஊரில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல இது. கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை முதலிய இடங்களில், மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவித்துப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே பசளை மணலூடாக இறங்கிக் கிணற்று நீரில் கலப்பதை ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட கிணறுகள் பல அங்கே காணப்பட்டன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. "நான் சேதனப் பசளைதானே இடுகிறேன்" என்று நானும் சமாதானம் சொன்னதுண்டு. கோழி எருவும் ஆட்டெருவும் அளவு மிஞ்சினால் அவையும் இதே வழியில் இறங்குபவையே.

நிரூபிக்க முடியாத குற்றம்

இங்கேதான் தர்ம சங்கடம் எழுகிறது. ஆச்சியின் கிணறு கரித்ததற்கு என் மிசின்தான் காரணம் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது வரண்ட ஆண்டு. வேறு கிணறுகளும் கரித்திருக்கலாம். அவருடைய கிணறு பழையது, ஆழமும் கூடியது. சிநேகிதர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசியபோது, "உம்முடைய காணி, உம்முடைய கிணறு. சட்டத்தில் என்ன பிழை? அந்த மனுசியே ஒன்றும் சொல்லவில்லை. நீர் ஏன் வீணாகத் தலையைப் போட்டு உடைக்கிறீர்?" என்றார்.

அவர் சொன்ன மூன்றையும் பல இரவுகள் யோசித்தேன்.

முதலாவது, என் காணி என்பது. காணி உறுதியில் நான்கு எல்லைகள் எழுதப்படும்: வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. எத்தனையோ உறுதிகளின் பிரதிகளை நான் பார்த்திருக்கிறேன். கீழ் எல்லை எழுதிய உறுதியை நான் கண்டதில்லை. வேலியின் கட்டைகள் மூன்றடி ஆழத்தோடு முடிந்துவிடுகின்றன. அதற்குக் கீழே ஒரே மழை, ஒரே தண்ணீர். என் கிணறு என்பது அந்தப் பொதுத் தண்ணீரை எட்டிப் பார்க்க நான் வெட்டிய ஒரு துவாரம், அவ்வளவே. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து தங்கியபோது, நான் கண்ட வீடுகளில் உறுதியைக் காட்டி எவரும் தண்ணீரை மறுக்கவில்லை. இது நம் மக்களுக்கு உள்ளூரத் தெரிந்த நியாயமே. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக மழையின் சிறப்பைத்தான் வைத்தார்.

இரண்டாவது, நிரூபிக்க முடியாது என்பது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் போகும். அது சரியான முறை. அவன் இழக்கப்போவது தன் சுதந்திரத்தை. ஆனால் எங்கள் விடயத்தில் இரண்டு பக்கத்துக்கும் என்ன நட்டம் என்று எழுதிப் பார்த்தேன். மிசினை நிறுத்தினால் எனக்கு நட்டம் எட்டுப் பாத்தி மரக்கறி. ஓய்வூதியக்காரனான நான் அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நிறுத்தாமல் விட்டு, என் மிசின்தான் காரணமாக இருந்தால், ஆச்சிக்கு நட்டம் குடிதண்ணீர். அதை அவர் எங்கே வாங்குவார்? இப்படி இருக்கையில் சந்தேகத்தின் பலன் எளியவருக்கே போகவேண்டும். நீதிமன்றத்தின் முறை வேறு, அயலவரோடு வாழும் முறை வேறு.

மூன்றாவது, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது. கடைசியில் இதுதான் என்னை மிகவும் வருத்தியது. குடத்தோடு என் படலைக்கு வரவேண்டிய நிலையில் இருப்பவர் என்னைக் குற்றம் சொல்ல முடியுமா? நான் அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க, அவருடைய வாய் இன்னும் இறுக மூடப்பட்டது. நான் தர்மம் என்று எண்ணியது, அவருடைய பொருளை எடுத்து, அதில் ஒரு குடத்தை அவருக்கே தானம் செய்ததாகவும் இருக்கலாம் அல்லவா?

முன்னோர் காட்டிய வழி

வீட்டுத்தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1974ஐயும் 2022ஐயும் கண்டவன் அப்படிச் சொல்லமாட்டான். எப்படி வைப்பது, எவர் செலவில் வைப்பது என்பதே கேள்வி.

பெரியபுராணத்தில் வரும் இளையான்குடிமாற நாயனாரின் கதை நாம் அறிந்ததே. செல்வம் எல்லாம் தேய்ந்து வறுமையுற்ற காலத்தில், மழை இரவொன்றில் சிவனடியார் ஒருவர் வந்தார். நாயனார் அன்று பகல் விதைத்த முளை நெல்லை வயலில் சென்று வாரிவந்தார். வளவில் முளைவிட்டிருந்த இளங்கீரையைப் பறித்தார். எரிக்க விறகின்றிக் கூரையின் தடிகளை அறுத்துக் கொடுத்தார். சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது பக்தியின் பெருமையை மட்டுமே கண்டேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. விருந்தோம்பலுக்கான செலவு முழுவதையும் அவர் தம் வயலிலும், தம் வளவிலும், தம் கூரையிலும் இருந்தே எடுத்தார். அயலவரின் கூரையில் ஒரு தடியையும் அவர் தொடவில்லை. எனது பச்சைத் தோட்டமோ அயலவர் கிணற்றையும் சேர்த்துக் குடித்திருக்கக்கூடும்.

நமது மாவட்டத்திலேயே இன்னொரு பெரியவரைச் சொல்லலாம். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிறிட்ஜில் படித்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் நம் நாட்டுக்காகப் பங்குபற்றியவர். 1950களில் 'லாண்ட் மாஸ்டர்' என்ற இருசில்லுக் கை உழவு இயந்திரத்தை உருவாக்கி உலகப் பெயர் பெற்றார். அத்தகையவர் பிற்காலத்தில், அந்த இயந்திரத்தால் உண்மையில் நன்மை பெற்றவர் விவசாயிதானா என்று தம்மைத் தாமே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். சிலாபத்தை அடுத்த காக்கப்பள்ளியில் உள்ள தம் தென்னங்காணியில் சீமைக்கிளுவையை நட்டு, அதன் இலையால் மண்ணை வளப்படுத்தும் முறைகளைச் செய்து காட்டினார். தாம் செய்த இயந்திரத்தையே கேள்வி கேட்க அவருக்கு மனம் வந்ததென்றால், கடையில் வாங்கிய ஒரு மிசினைப் பற்றிக் கேட்க எனக்கு ஏன் வெட்கம்?

கடல் கடந்தும் ஓர் உதாரணம். 1910இல் தென்னாபிரிக்காவில், ஜோகன்னஸ்பேர்க்குக்கு அண்மையில், மகாத்மா காந்தி டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தார். ஏறத்தாழ 1,100 ஏக்கர் காணி. காணிக்காரர் கலன்பாக் என்ற ஜேர்மனியக் கட்டடக் கலைஞர். வாடகை வாங்காமல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அதைப் பயன்படுத்தக் கொடுத்தார். அக்குடும்பங்களில் தமிழர் பலர். பழமரங்கள் நிறைந்த அப்பண்ணையில் வேலையாள் வைப்பதில்லை என்பது விதி. குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 500 யார் தூரத்தில் இருந்த ஊற்றிலிருந்து, தோளில் தடி வைத்து இருபுறமும் வாளி தொங்கவிட்டுத் தண்ணீர் சுமந்தார்கள். நாம் முருகனுக்கு எடுக்கும் காவடியின் ஆதி உருவமும் அந்தச் சுமைத்தடிதானே. தான் சுமந்த தண்ணீரை மனிதன் வீணாக்கமாட்டான்.

செய்ததும் செய்ய வேண்டியதும்

2023 ஐப்பசியில் மிசினை விற்றுவிட்டேன். பன்னிரண்டு பாத்தியை ஐந்தாகக் குறைத்தோம். மண்குடங்களைக் கழுத்தளவுக்குப் புதைத்து நீர் ஊற்றுகிறோம். அது கசிந்து வேருக்கு மட்டும் போகும். கூரைக்குப் பீலி பூட்டினோம். நம் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் விழுவது 50,000 லீற்றர். எங்கள் தாங்கி பிடிப்பது 5,000 மட்டுமே. மீதி மணலில் இறங்கட்டும். அது ஊருக்குச் சேர்வது.

மிசினை விற்ற பின்னரும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆச்சியிடம் சொல்லவேண்டும். அதற்குத்தான் அதிக காலம் எடுத்தது. மார்கழித் திருவெம்பாவைப் பூசை நாட்களில் ஒருநாள் ஆலய வாசலில் வைத்தே சொன்னேன்: "ஆச்சி, உங்கட கிணறு கரிச்சதுக்கு என்ர மிசினும் காரணமாயிருக்கலாம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கட மிசின் ஓடேக்க என்ர கிணத்தில தண்ணி இறங்கிறது எனக்குத் தெரியும் தம்பி. நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் இருந்தனான்" என்றார்.

நான் நிரூபிக்க முடியாது என்று பல இரவுகள் வாதாடிக்கொண்டிருந்ததை, அவர் தம் கிணற்றடியில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை. அந்த மாரிக்குப் பின்னர் அவருடைய கிணறு ஓரளவு தேறியது. முழுமையாகப் பழைய சுவை இன்னும் வரவில்லை. இப்போதும் சமைப்பதற்கு எங்கள் கிணற்றில் அள்ளுகிறார். ஆனால் படலையில் நின்று கேட்பதில்லை. நேரே வந்து அள்ளிக்கொண்டு போகிறார். அதுவே எனக்கு ஆறுதல்.

வீட்டுத்தோட்டமோ கால்நடையோ தொடங்க எண்ணும் அடியவர்கள் முதல் நாற்றை நடுமுன் தம்மைத் தாமே கேட்கவேண்டியவை என்று எனக்குப் படுவன:

1. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வேறு எவர் இதைக் குடிக்கிறார்?
2. நான் மூன்று நாள் இல்லாவிட்டால் இந்த உயிருக்கு யார்? அவர் வராவிட்டால் அடுத்தவர் யார்?
3. எருக்குவியலும் ஆட்டுக்கொட்டிலும் என் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?
4. என் கை ஓயும் அளவுக்குள் இதைச் செய்ய முடியுமா? முடியாவிட்டால் பாத்தியைக் குறைப்பதா, மிசினைக் கூட்டுவதா?
5. இதனால் பாதிக்கப்படக் கூடியவர் என்னிடம் அதைப் பயமின்றிச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா?

ஐந்தாவது கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. இல்லை என்பது பதிலானால், அவர் வரும்வரை காத்திராமல் நாமே போய்க் கேட்கவேண்டும்.

கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே முடிக்கிறேன். வரவு ஒருவர் பெயரிலும் செலவு இன்னொருவர் பெயரிலும் எழுதப்பட்ட கணக்கைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். நமது சந்தோஷங்களின் கணக்கையும் ஒருநாள் ஒருவர் பார்க்கத்தான் போகிறார். அதற்கு முன் நாமே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நமது ஆலயக் கூரைக்கும் பீலி பூட்டி மழைநீரைத் தீர்த்தக் கிணற்றின் அருகே மணலில் இறக்குவது பற்றியும், ஆலய நந்தவனத்துக்கு மிசின் வைத்து இறைப்பதில்லை என்று தீர்மானிப்பது பற்றியும் அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணை ஒன்றைச் சமர்ப்பிக்க எண்ணியுள்ளேன். அம்பாளுக்கு அபிஷேகமாகும் தண்ணீரும் ஆச்சியின் உலையில் கொதிக்கும் தண்ணீரும் ஒரே மணலுக்கு அடியில் இருந்தே வருகின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். இந்த மணலைக் கடல் கொண்டுபோகாமல் பிடித்து நிற்பதும் அந்தக் கொடிகள்தான். ஒவ்வொரு வளவும் தனித்தனியே நின்றால் நமது தண்ணீரைக் காக்க முடியாது. எல்லோரும் ஒன்றுகூடி ஆதரவு தருமாறு வேண்டுகிறேன்.

எல்லாம் வல்ல அம்பாளின் பாதம் பணிந்து, நல்ல மழைக்கும் நல்ல மனத்துக்கும் பிரார்த்தித்து அமைகிறேன்.

சுபம்.

– தர்மகர்த்தா சபை உறுப்பினர் ஒருவர்,
உச்சமுனை.